மேரி லூவின் பள்ளிக்கூடம்

சென்ற வருஷம் ஒரு நாள் மாலை, கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். ஆறு கதைகள் எழுதியிருந்தான். "எப்படி எழுதணும்னு நீங்க சொல்லிக் கொடுக்கணும் ஸார்" என்றான். "கதை எழுதறது சொல்லிக் கொடுத்து வர்ற விஷயமில்லே தம்பி" என்று சொல்லி, படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று ஒரு ஜாபிதாவையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவன் போன பிறகு, சொன்ன வார்த்தை எனக்கே நன்றாக இருந்தது. உண்மையைத்தானே சொன்னோம் என்று திருப்தியுடன் வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

அந்தத் திருப்தியைக் கெடுத்தது ஒரு இசைத்தட்டு.

சங்கீதத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால் பதில் இல்லை. ராகத்தின் பெயரைச் சொல்லச் சொன்னால் பத்துக்கு ஆறு தப்பாகச் சொல்லுகிறவன் நான். மேல்நாட்டுச் சங்கீதத்தில் என் ஞானத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் மனிதர்களைப் பற்றி எழுதுவது என் தொழில். அந்த ஒரு பாத்தியதையை வைத்துக்கொண்டுதான், மேரி லூ வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் சரித்திரத்தைச் சொல்லத் துணிகிறேன். அவர் ஜாஸ் பியானோ வாசித்தவர்; சாகித்ய கர்த்தா; கடைசியில் வாத்தியார். கடைசியில் என்று சொன்னது பிசகு. அவர் எந்தக் காலத்தில் வாத்தியாராக இல்லை என்பதுதான் கேள்வி.

நண்பர் ஒருவர் வீட்டில் அந்தத் தட்டைக் கேட்டேன். "பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு உருப்படி" என்றார் நண்பர். பத்திரிகையில் ராசிபலன் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காத நான், மேஷத்திலிருந்து மீனம் வரை ஒரே மூச்சில் கேட்டது அன்றுதான். ரிஷபம் கொஞ்ச நேரம் சாதுவாக நடந்து, திடீரென்று முரண்டு பிடித்தது. "இது அவருடைய ராசி" என்றார் நண்பர். அதற்கப்புறம் அவரைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

ஜாஸ் என்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் அடிமைகளாயிருந்த கறுப்பு மக்களின் சந்ததியார் உண்டாக்கிய சங்கீதம் அது. வயல் வேலைப் பாட்டு, மாதா கோயில் பாட்டு, 'ப்ளூஸ்' என்று பெயர் பெற்ற சோகப் பாட்டு, ராணுவ பாண்டு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. நம்மவர்களுக்கு ஒரு விஷயம் சுலபமாகப் புரியும்: அதற்கு உயிர் மனோதர்மம். மெட்டு ஒன்று இருக்கும். அதன் அடியில் ஸ்வரக் கட்டுகள் ஒழுங்காகச் சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சுற்றுக்குள் நின்றுகொண்டு வாசிக்கிறவன் அந்த க்ஷணத்தில் தோன்றுவதை வாசிப்பான். எழுதி வைத்ததை ஒப்பிக்கிறவனுக்கு அங்கே மரியாதை கிடையாது.

மேரி 1910-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி ஜார்ஜியா மாகாணத்து அட்லாண்டாவில் பிறந்தாள். தாயார் மாதா கோயில் பாட்டுகளை ஹார்மோனியம் போன்ற ஒரு சிறு ஆர்கனில் வாசிப்பாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பது வழக்கம். மூன்று வயதோ நாலு வயதோ இருக்கும்போது ஒரு நாள், தாயார் வாசித்து நிறுத்தியதும், மடியிலிருந்த குழந்தை அதையே திருப்பி வாசித்துவிட்டது. தாயார் பயந்துபோய் அண்டை அயலாரைக் கூப்பிட ஓடினாளாம்.

இந்த மாதிரிக் கதை எல்லாக் கலைஞர்களின் சரித்திரத்திலும் உண்டு. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த சேதியைப் படித்தபோதுதான். தாயார் குழந்தைக்கு வாத்தியார் வைக்க மறுத்துவிட்டாள். ஏனென்றால், அவளே ஒரு வாத்தியாரிடம் கற்றுக்கொண்டவள். கடிதம் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட பிறகு காதால் கேட்டு, மனத்தில் தோன்றியதை வாசிக்கும் சக்தி அவளை விட்டுப் போய்விட்டது. அந்த நஷ்டம் பெண்ணுக்கு வரக் கூடாது என்று அவள் தீர்மானம் செய்துகொண்டாள். வாத்தியாருக்குப் பதிலாக, ஊருக்கு வரும் வாசிப்புக்காரர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது.

'சொல்லிக் கொடுத்து வருகிற விஷயமில்லை' என்று நான் சொன்னேனே, அந்தத் தாயாரும் ஏறக்குறைய அதையேதான் நினைத்திருக்கிறாள். ஆனால் அவள் ஜாபிதா எழுதிக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. வித்வான்களை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அது பெரிய வித்தியாசம்.

குழந்தைக்கு நாலைந்து வயதானபோது குடும்பம் வடக்கே பிட்ஸ்பர்க் நகரத்துக்குக் குடியேறியது. இரும்பு ஆலைகளும் புகையும் நிறைந்த ஊர். வெள்ளைக்காரர்கள் வசித்த தெருவில் கறுப்புக் குடும்பம் வந்தது பிடிக்காமல் அக்கம்பக்கத்தார் வீட்டின்மேல் செங்கல் வீசினார்கள். சிறுமி அவர்கள் வீடுகளுக்கே போய் பியானோ வாசிக்க ஆரம்பித்தாள். செங்கல் வருவது நின்றது. 'குட்டிப் பியானோக்காரி' என்று பெயர் வந்தது. செங்கல் எறிந்த கைகளே காசும் கொடுத்தன. மனித சுபாவத்தைப் பற்றி இதைவிட அதிகமாக ஒரு நாவலில் என்ன எழுதிவிட முடியும்?

வீட்டிலும் ரஸிகர்களுக்குக் குறைவில்லை. தாத்தாவுக்குக் கிளாஸிகல் சங்கீதம், மாமாவுக்கு அயர்லாந்துப் பாட்டு, மாற்றாந்தகப்பனாருக்கு ப்ளூஸ். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததை வாசித்தால் காசு கொடுப்பார்கள். மாற்றாந்தகப்பனார் சூதாடுகிறவர். சிறுமியைத் தன்னுடன் சூதாட்ட இடங்களுக்கு அழைத்துக்கொண்டு போய் வாசிக்கச் சொல்லுவார். தொப்பியில் முதல் டாலரைத் தானே போட்டுச் சுற்றுக்கு விடுவார்; மற்றவர்களும் போடுவார்கள். வெளியே வந்ததும் தன் டாலரை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்வாராம். அவரிடம் அந்தப் பெண்ணுக்கு மிகுந்த பிரியம் இருந்தது.

அந்த நாளில் ஒரு தியேட்டரில் அவள் ஒரு காட்சியைக் கண்டாள். லவீ ஆஸ்டின் என்ற பெண் பியானோவின் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், வாயில் சிகரெட். இடது கை வாசித்துக்கொண்டிருக்கிறது. வலது கை அடுத்த ஆட்டத்துக்கு வேண்டிய சங்கீதத்தை எழுதிக்கொண்டிருக்கிறது. சிகரெட்டைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பெண் வாத்திய கோஷ்டிக்குத் தலைமை வகிக்கலாம், எழுதலாம் என்பதை அந்தச் சிறுமி கண்ணால் பார்த்துவிட்டாள். பிற்காலத்தில் தானும் அப்படி ஒரு கையால் வாசித்து ஒரு கையால் எழுதியதாக அவள் சொல்லியிருக்கிறாள். அன்று நடந்தது பாடமல்ல. ஆனால் அதைவிடப் பெரிய பாடமும் இருக்க முடியாது.

பதினைந்து வயதாவதற்குள் அவள் ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் கோஷ்டியில் சேர்ந்துவிட்டாள். அங்கே ஸாக்ஸபோன் வாசித்த ஜான் வில்லியம்ஸ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். 1929-ல் ஜானுக்கு ஆண்டி கர்க் என்பவருடைய வாத்திய கோஷ்டியில் இடம் கிடைத்தது. கோஷ்டியின் பெயர் அழகானது: 'பன்னிரண்டு ஆனந்த மேகங்கள்'. மேகங்களில் ஒன்றாக இருக்கப் பெண்ணுக்கு இடமில்லை. வாசிக்க வாய்ப்பில்லாத நாட்களில் அவள் சவ வண்டி ஓட்டிச் சம்பாதித்தாள். கோஷ்டியின் வேன் ஓட்டவும் உதவினாள்.

அந்த வருஷமே கான்ஸாஸ் நகரில் இசைத்தட்டுப் பதிவு. கோஷ்டியின் பியானோக்காரர் வந்து சேரவில்லை. சவ வண்டி ஓட்டிய பெண் உட்கார்ந்து வாசித்தாள். அடுத்த வருஷம் சிகாகோவில் தனியாக இரண்டு உருப்படி வாசிக்கச் சொன்னார்கள். முன்யோசனை இல்லாமல் அப்போதைக்கப்போது தோன்றியதை வாசித்தாள். 'மேரி' என்ற வெறும் பெயர் சோபிக்கவில்லை என்று தட்டுக் கம்பெனிக்காரர் 'லூ' என்று சேர்த்தார். அந்தத் தட்டுகளுக்காகத் தனக்கு ராயல்டி எதுவும் வரவில்லை என்று அவர் பின்னால் சொன்னார். இனிமேல் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். அவருக்கு அப்போது வயது சுமார் இருபதுதான். ஆனால் அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்தவரை 'அவள்' என்று எழுதக் கை கூசுகிறது.

மனத்தில் பன்னிரண்டு வாத்தியங்களும் ஒலித்தன, எழுதத் தெரியவில்லை. ஆரம்பத்தில் அவர் வாசித்துக் காட்ட, கர்க் எழுதிக்கொண்டார். அப்புறம் கர்க்கிடமே கேட்டுக் கேட்டு எழுதக் கற்றுக்கொண்டார். தாயார் பயந்த ஆபத்து வரவில்லை. காது நிரம்பிய பிறகு கடிதம் வந்ததால், அது சங்கீதத்துக்கு வேலைக்காரனாக இருந்தது, எஜமானாகவில்லை. 1936-ல் தட்டாக வந்த 'வாக்கின் அண்ட் ஸ்விங்கின்' என்ற உருப்படியும், 1937-ல் பென்னி குட்மனின் புகழ் பெற்ற கோஷ்டிக்காக எழுதிய 'ரோல் எம்'மும் அவர் பெயரைப் பரப்பின. கர்க்கின் கோஷ்டி நடக்கிறது அந்தப் பெண்ணால்தான் என்பதை ஊர் அறிந்துகொண்டது.

கான்ஸாஸ் நகரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுவிலக்கும் பஞ்சமும் தேசத்தைப் பிடித்து ஆட்டிய காலத்தில், டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் பெரிய மனிதரின் கைக்குள் இருந்தது அந்த நகரம். சாராயமும் சூதும் தாராளமாக நடந்தன. 1939-ல் வருமான வரி ஏய்ப்புக்காக அவர் ஜெயிலுக்குப் போகிறவரையில், இரவு விடுதிகள் கதவைச் சாத்தவே இல்லை என்று சொல்லலாம். தர்மத்துக்கு விரோதமான அந்த ராஜ்யத்தில் சங்கீதம் செழித்தது. விடுதியில் சம்பளத்துக்கு வாசித்து முடித்தவர்கள் வேறு இடத்தில் கூடி விடியும் வரை ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்ப்பார்கள். கோல்மன் ஹாக்கின்ஸ் என்ற ஸாக்ஸபோன் சக்கரவர்த்தி அந்த ஊருக்கு வந்திருந்த இரவு உள்ளூர் இளைஞர்கள் அவரை விடவில்லை. அதிகாலை நாலு மணிக்கு மேரி லூவின் ஜன்னல் வலையை யாரோ பிராண்டினார்கள். வெளியே பென் வெப்ஸ்டர். பியானோ வாசிக்கிறவர்கள் எல்லோரும் களைத்துவிட்டார்கள், ஹாக்கின்ஸ் சட்டையைக் கழற்றிவிட்டு இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறார், எழுந்து வா என்று கூப்பிட்டார். மேரி லூ எழுந்து போனார்.

ஆண்கள் பெண்களை வாத்தியக்காரர்களாக எண்ணாத காலம் அது. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு, எல்லாரும் ஓய்ந்த பிறகு, யாரைக் கூப்பிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு தொழிலில் உண்மையான பட்டம் அந்த நேரத்தில்தான் கிடைக்கிறது.

1942-ல் கர்க்கின் கோஷ்டியை விட்டார். அடுத்த வருஷம் நியூயார்க்கில் 'கஃபே சொசைட்டி' என்ற விடுதியில் வாசிக்கத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் உட்காரலாம் என்று 1938-ல் பார்னி ஜோஸஃப்ஸன் திறந்த விடுதி அது. ராசி உருப்படிகள் பிறந்தது இந்தக் காலத்தில். ஜோஸ்யப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, தன் சிநேகிதர்களான வாசிப்புக்காரர்கள் எந்தெந்த ராசியில் பிறந்தவர்கள் என்று பார்த்து, ராசிக்கு ஒன்றாக அமைத்தார். ரிஷபம் அவருக்கும் ட்யூக் எல்லிங்டனுக்கும் பொது. துலாம், தெலோனியஸ் மங்க், பட் பவல், டிஸ்ஸி கில்லெஸ்பி, ஆர்ட் டாட்டம் ஆகியோருக்கு. 1945-ல் மூன்று வாத்தியங்களுடன் தட்டாக வந்தது. அந்த வருஷக் கடைசி நாளன்று டவுன் ஹாலில் சிறிய வாத்திய விருந்தத்துடன் அரங்கேற்றினார். ஒத்திகை போதவில்லை, நடுவே தடுமாற்றங்கள் நேர்ந்தன. 1946-ல் அதன் மூன்று பகுதிகளைக் கார்னகி ஹாலில் பெரிய வாத்திய விருந்தத்துடன் வாசித்தார். ஜாஸ் மேதைகள் அந்த வாசலைத் தொட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கறுப்புப் பெண் தான் எழுதிய காகிதங்களுடன் உள்ளே போய் உட்கார்ந்தார்.

ஆனால் கார்னகி ஹாலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சிறிய வீடு. ஹார்லம் பகுதியில் ஹாமில்டன் டெரஸ் என்ற தெருவில் அவர் குடியிருந்த வீடு. அதில் ஒரு பியானோ, தரையில் ஒரு வெள்ளைக் கம்பளம். விடுதி வேலை முடிந்து அவர் திரும்பும் பின்னிரவில், மங்க் வருவார், பவல் வருவார், கில்லெஸ்பி வருவார், டாட் டாமரன் வருவார். கம்பளத்தில் உட்கார்ந்து, புதிதாகக் கட்டியதை வாசித்துக் காட்டுவார்கள்; இவர் கேட்டு அபிப்பிராயம் சொல்லுவார். 'பீபாப்' என்ற புதிய பாணி உருவாகிக்கொண்டிருந்த சமயம். பழைய தலைமுறை வித்வான்களில் பலர் அதை அபஸ்வரம் என்று பழித்தார்கள். மேரி லூவுக்கு வயது முப்பத்தைந்து. அவர்களைவிடச் சுமார் பத்து வருஷம் மூத்தவர். போன தலைமுறையில் பெயர் வாங்கியவர். அவர் பழிக்கவில்லை. காபி கொடுத்து, காது கொடுத்தார். 1949-ல் கில்லெஸ்பியின் கோஷ்டிக்காக அந்தப் பாணியிலேயே ஓர் உருப்படியும் எழுதினார்.

மங்கையும் பவலையும் உண்டாக்கியவர் மேரி லூ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அவர்கள் யாராலும் உண்டாக்கப்படாத மேதைகள். 'வாக்கின் அண்ட் ஸ்விங்கி'னில் வரும் ஒரு சொற்கட்டு, மங்கின் 'ரிதமனிங்'கில் கேட்கிறது என்பது உண்மை. அந்த மாதிரிக் கொடுக்கல் வாங்கல் கலையில் சகஜம். அவர் கொடுத்தது வேறு. ஜாஸின் பள்ளிக்கூடம் அதுவரை சாராயக் கடையிலும் சூதாட்ட வீட்டிலும் இருந்தது. சாராயம் இல்லாமல், போட்டி இல்லாமல், டிக்கெட் இல்லாமல் வாசித்துக் காட்ட ஓர் இடத்தைக் கொடுத்தார். அவருடைய தாயார் குழந்தைக்காக வித்வான்களை வீட்டுக்குக் கூப்பிட்டாளே, அதையேதான் பெண்ணும் செய்திருக்கிறார்.

1952-ல் சில நாள் கச்சேரிக்கென்று இங்கிலாந்து போனவர் ஐரோப்பாவில் இரண்டு வருஷம் தங்கும்படி ஆயிற்று. பணக் கஷ்டம், களைப்பு. 1954 மே மாதக் கடைசியில் பாரிஸில் அவருடைய சிநேகிதரான கார்லண்ட் வில்ஸன் என்ற பியானோ வித்வான் இறந்துபோனார். அந்த வருஷம் பாரிஸ் விடுதி ஒன்றில் மேரி லூ வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்து போனார். நாற்பத்து நாலு வயது. அமெரிக்கா திரும்பியும் பியானோவின் பக்கம் போகவில்லை. 1955 மார்ச்சில் சார்லி பார்க்கர் முப்பத்து நாலு வயதில் மாண்டார். போதை மருந்து தின்றுவிட்ட உடம்பு. தன்னுடைய வீட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக அழிவதை அவர் பார்த்தார். ஹார்லத்து மாதா கோயிலில் மணிக்கணக்காக உட்கார்ந்து, ஒரு நீண்ட ஜாபிதாவை வைத்துக்கொண்டு, அதிலிருக்கும் ஒவ்வொரு பெயருக்காகவும் பிரார்த்தனை செய்தார். 1957-ல் கத்தோலிக்க மதத்தில் ஞானஸ்நானம் பெற்றார். கில்லெஸ்பியின் மனைவி லொரைனும் கூடவே பெற்றார்.

இங்கேதான் என் தொழில் புத்தி இடறி விழுந்தது. இந்தக் கதையை நான் எழுதியிருந்தால் இங்கே முடித்திருப்பேன். உலகப் புகழ், கசப்பு, துறவு, மாதா கோயில் மெழுகுவர்த்தி, சுபம். எத்தனை நாவல்கள் இப்படி முடிந்திருக்கின்றன! எழுதுகிறவர்களுக்குத் துறவு ரொம்ப சௌகரியமான விஷயம். அதற்கப்புறம் கதாபாத்திரத்துக்குச் சாப்பாடு போட வேண்டியதில்லை. ஆனால் மேரி லூ இன்னும் இருபத்து நாலு வருஷம் உயிரோடிருந்தார். வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. அவரைச் சேர்ந்த பாதிரியார்களே, உன் வாசிப்பும் பிரார்த்தனைதான், போய் வாசி என்று சொன்னார்கள். துறவறத்தில் தள்ள வேண்டியவர்கள் கச்சேரிக்குத் தள்ளினார்கள். 1957 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில், கில்லெஸ்பியின் கோஷ்டியுடன் அவர் ராசி உருப்படிகளில் சிலவற்றை வாசித்தார்.

திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை. போதையில் விழுந்த வாசிப்புக்காரர்களைத் தூக்கிவிட 'பெல் காண்டோ' என்று ஒரு தர்ம ஸ்தாபனம் தொடங்கினார். பழைய துணிமணிகளை விற்கும் கடை ஒன்றை வைத்து அதற்குப் பணம் திரட்டினார். பலரைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். கடை செழிக்கவில்லை. நல்ல மனசுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் எந்தத் தேசத்திலும் ஒத்துக்கொள்வதில்லை போலிருக்கிறது.

1962-ல் பெரு நாட்டைச் சேர்ந்த மார்ட்டின் த போரஸ் என்பவரைக் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்தது. கறுப்புத் தாய்க்கும் ஸ்பானிய தகப்பனுக்கும் பிறந்து, மடத்தைப் பெருக்கி, நோயாளிகளுக்கு ஊழியம் செய்தவர். அந்த வருஷமே அவர்மேல் மேரி லூ ஒரு கீதம் அமைத்தார். பிறகு பூசைக்குரிய சங்கீதம் மூன்று எழுதினார். முதலாவதை 1967-ல் எழுதியபோது பிட்ஸ்பர்க்கில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாட வந்த குழந்தைகள்தான் முதல் பாடகர்கள். மூன்றாவது பூசையை வைத்து 1971-ல் ஆல்வின் எய்லி நாட்டியம் அமைத்தார். 1975 பிப்ரவரியில் நியூயார்க்கின் புகழ் பெற்ற ஸெயிண்ட் பாட்ரிக் பெரிய கோயிலில் பூசையின்போது அது ஒலித்தது. அந்தக் கோயிலில் ஜாஸ் பூசை நடந்தது அதுவே முதல் தடவை.

அவரைத் தெய்வமாக்கிவிட எனக்கு ஆசையில்லை. குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். பீபாபுக்குக் கதவைத் திறந்த அதே கை, அதற்குப் பின் வந்த கட்டற்ற புதுப் பாணிக்குக் கதவை லேசில் திறக்கவில்லை. ப்ளூஸை மறந்தவர்கள் ஜாஸைக் கொன்றுவிடுவார்கள் என்று அவர் தீவிரமாக நம்பினார். ஆனாலும் 1977 ஏப்ரலில், புதுப் பாணியின் மிகக் கடுமையான பியானோக்காரரான செஸில் டெய்லருடன் சேர்ந்து கார்னகி ஹாலில் வாசிக்கத் தாமே ஏற்பாடு செய்தார். ஜாஸின் சரித்திரத்தை ஆதியிலிருந்து இருவரும் வாசித்துக்கொண்டு வர வேண்டும் என்பது இவர் எண்ணம். டெய்லர் தம் வழியில் இடிமுழக்கமாக வாசித்தார். இரண்டு பியானோக்களும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை போட்டுக்கொண்டன என்றுதான் சொல்ல வேண்டும். மேரி லூவுக்கு மன வருத்தம். 'தழுவல்' என்று பொருள்படும் பெயரில் அந்தக் கச்சேரி தட்டாக வந்தது. அறுபத்தாறு வயதில், தோற்றுப் போகக்கூடிய இடத்துக்குத் தாமாகப் போய் உட்காருகிறவர்கள் எத்தனை பேர்? இதையும் குறைக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

அந்த வருஷமே வட கரோலினாவின் டர்ஹம் நகரில் உள்ள ட்யூக் பல்கலைக்கழகம் அவரை வாத்தியாராக அழைத்தது. தமக்கு மானேஜராக இருந்த பீட்டர் ஓ'பிரையன் என்ற ஏசுசபைப் பாதிரியாருடன் அங்கே போனார். உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காதவர். 1963 வரையில் கறுப்பு மாணவர்களைப் பட்ட வகுப்பில் சேர்க்காத பல்கலைக்கழகம் அது. பதினாலு வருஷம் கழித்து, அட்லாண்டாவின் கறுப்புச் சிறுமி அங்கே மேடை ஏறி வெள்ளை, கறுப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் சரித்திரம் சொன்னார். சரித்திரத்தைப் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை, பியானோவிலிருந்து சொன்னார். ஆத்மீகப் பாட்டு இப்படி, ராக்டைம் இப்படி, கான்ஸாஸ் நகரத்து வாசிப்பு இப்படி, பீபாப் இப்படி என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வருவார். எல்லாவற்றையும் அந்தந்தக் காலத்தில் தாமே வாசித்தவர். அவர் விரல்கள்தான் பாடப் புத்தகம்.

அவருக்காக டேவிட் ஸ்டோன் மார்ட்டின் என்ற சித்திரக்காரர் ஜாஸை ஒரு மரமாக வரைந்து கொடுத்திருந்தார். கிளைகளில் வித்வான்களின் பெயர்கள். அடிமரத்தில் ஆத்மீகப் பாட்டும் ராக்டைமும் ப்ளூஸும். எல்லாவற்றுக்கும் கீழே, வேரில், 'துன்பம்' என்று எழுதியிருக்கும். இதைத்தான் மாணவர்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார்: துன்பத்திலிருந்து பிறந்த சங்கீதம் இது, ஆனால் துன்பத்தை ஆற்றுவதற்காகப் பிறந்தது. வேர் தெரியாமல் கிளையில் ஏறாதே.

1981 மே 28-ந் தேதி டர்ஹமில் புற்றுநோயால் காலமானார். வயது எழுபத்தொன்று. பிட்ஸ்பர்க்கில் அடக்கம் செய்தார்கள். அதற்கு முந்தின வருஷம் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தியிருந்தார். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகள், வாசிப்பையே தொழிலாகக் கொண்டவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து ஜாஸ் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். ட்யூக் பல்கலைக்கழகம் 1983-ல் தன்னுடைய கறுப்பர் பண்பாட்டு மையத்துக்கு அவர் பெயரை வைத்தது. பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. மங்கின் பெயர் தெரியும். வாத்தியார்களின் தலையெழுத்து அது. வருத்தப்பட ஒன்றுமில்லை. மங்கின் சங்கீதத்தைக் கேட்கிறவனுக்கு, தெரியாமலே அந்த வெள்ளைக் கம்பளத்தின் ஒரு மூலையில் இடம் கிடைத்துவிடுகிறது.

கலையைச் சொல்லிக் கொடுக்க முடியுமா? முடியாது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். மேரி லூவின் தாயாரும் முடியாது என்றுதான் நினைத்தாள். ஆனால் அப்படி நினைக்கிறவனுக்கு வேலை அங்கே முடிவதில்லை, ஆரம்பிக்கிறது. பக்கத்தில் உட்கார இடம் கொடுக்க வேண்டும். நாலு மணிக்கு ஜன்னலைப் பிராண்டினால் எழுந்து போக வேண்டும். வாசித்துக் காட்டுகிறவன் வாசித்து முடிக்கும்வரை கேட்க வேண்டும். 'சொல்லிக் கொடுத்து வராது' என்ற உண்மையைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது சோம்பேறித்தனம். நான் செய்தது அதுதான்.

அந்தப் பையன் கொண்டுவந்த ஆறு கதைகளில் நான் ஒன்றுதான் படித்தேன். அதிலும் கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லை. விலாசம் கேட்டு வைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. மறுபடி அவன் வரவில்லை. இந்தக் கட்டுரை அவன் கண்ணில் பட்டால், நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரட்டும். சாயங்காலங்களில் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.